பெருநகரத்தில் குடியேறலாமா, போய் வந்தால் போதுமா?

“பெரிய நகரத்தில் வாழ்வதில் நன்மை அதிகமா, தொல்லை அதிகமா? குடியேறாமல் அவ்வப்போது போய் வந்தால் போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக மூட்டை கட்டும் இளைஞருக்கும் இந்தக் கேள்வி வரும், பிள்ளைகளின் படிப்பை யோசிக்கும் பெற்றோருக்கும் வரும், ஓய்வு பெற்றபின் எங்கே இருப்பது என்று குழம்பும் பெரியவர்களுக்கும் வரும். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரும் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான்: அந்த நகரம் தருவதில் எவ்வளவு உங்கள் வாசலிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது? கோடிப் பேர் வாழும் ஊரில் குடியிருந்தாலும் ஒருவர் நாள்தோறும் புழங்குவது நாலைந்து தெருவும் ஒரு ரயில் பாதையும்தான். மீதி நகரம் எட்டினால் லாபம். எட்டாவிட்டால் அதன் கூட்டமும் வாடகையும் மட்டும் நம் பங்குக்கு வரும்.

முதலில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் இதை ஒரு சுமை தூக்குபவரை வைத்து விளக்கினார். சுமை தூக்குவதை மட்டுமே தொழிலாக வைத்துப் பிழைக்க ஒரு பெரிய நகரத்தில்தான் முடியும். சிற்றூரில் அவருக்கு அவ்வளவு சுமை கிடைக்காது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் சிதறிக் கிடந்த பண்ணைகளில் ஒவ்வொரு விவசாயியும் தன் குடும்பத்துக்குத் தானே கசாப்புக்காரர், தானே ரொட்டி சுடுபவர் என்றும் அவர் எழுதினார். ஏறக்குறைய 250 வருடம் ஆகியும் நகரத்தின் அடிப்படை மாறவில்லை. ஆட்கள் கூடக் கூட வேலைகள் நுணுக்கமாகப் பிரிகின்றன. குழந்தைகளின் இதயத்துக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்பவர், பழைய பியானோக்களை மட்டும் பழுது பார்ப்பவர், நீதிமன்றத்தில் காது கேளாதோருக்காகச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்பவர், இவர்களுக்கெல்லாம் ஆண்டு முழுக்க வேலை இருக்க வேண்டுமானால் சுற்றிலும் லட்சக்கணக்கில் மக்கள் வேண்டும்.

உங்கள் தொழில் எந்த ஊரிலும் தேவைப்படும் தொழிலா என்று இங்கே நின்று யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், மின்பணியாளர், கணக்கர் போன்றவர்களுக்குப் பெருநகரம் கூடுதலாகத் தருவது ஒப்பீட்டளவில் குறைவு. வாடகையோ எல்லோருக்கும் ஒன்றுதான். தொழில் நுணுக்கமாக ஆக ஆக நகரத்தின் மதிப்பு உங்களுக்கு ஏறுகிறது. வீட்டில் இரண்டு பேரும் இப்படி நுணுக்கமான வேலை பார்ப்பவர்களாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும். ஒருவருக்கு ஏற்ற வேலை சிறு நகரத்தில் கிடைத்துவிடலாம். இருவருக்கும் ஒரே ஊரில் கிடைப்பது பெருநகரத்தில்தான் எளிது. நன்கு படித்த தம்பதிகள் பெருநகரங்களிலேயே குவிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குடும்பத்தில் ஒருவர் தன் வேலையைத் தியாகம் செய்வது என்று முடிவாகும்போது அது பெரும்பாலும் மனைவியின் வேலையாகத்தான் இருக்கிறது என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அடுத்தது கற்றல். பெருநகரத்தின் மிகப் பெரிய கொடையாக எனக்குப் படுவது இதுதான், நன்மைகளை அடுக்கும்போது பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரே தொழில் செய்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தொழிலின் சூட்சுமங்கள் ஒளிந்து கிடப்பதில்லை, காற்றிலேயே கலந்துவிடுகின்றன என்ற பொருளில் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதினார். பிற்காலத்தில் இதை அளந்தும் பார்த்தார்கள். ஹோர்ஹே தெ லா ரோக்கா, தியேகோ பூகா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஸ்பெயின் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புப் பதிவேடுகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாட்ரிட், பார்சிலோனா போன்ற நகரங்களில் சம்பளம் கூடுதலாக இருப்பதற்கு அங்கே பிறவியிலேயே கெட்டிக்காரர்கள் குவிவதுதான் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பதிவேடுகள் வேறு மாதிரிச் சொல்லின. நகரத்துக்கு வந்த உடனே சம்பளம் ஓரளவு கூடுகிறது. அதற்கு மேல் வரும் ஏற்றம் அங்கே வேலை பார்த்துச் சேர்த்த அனுபவத்தால் வருகிறது. அப்புறம், அந்த ஆட்கள் சிறிய ஊர்களுக்கு மாறிப் போனபோதும் அந்த அனுபவத்தின் மதிப்பு அவர்களோடு கூடவே போனது.

இந்தக் கடைசி வரிக்கு நான் அதிக எடை கொடுப்பேன். பெருநகரத்துக்குப் போவது ஆயுள் முழுவதற்குமான முடிவாக இருக்க வேண்டியதில்லை. இருபதுகளில் சில வருடங்கள் இருந்து, தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். போனால் திரும்ப முடியாது என்ற பயத்தில் பலர் கிளம்பவே தயங்குகிறார்கள். திரும்பினால் தோற்றதாக அர்த்தம் என்ற பயத்தில் பலர் விருப்பமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இரண்டு பயத்துக்கும் அடிப்படை இல்லை. ஆனால் கற்றலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொழில் தெரிந்தவர்களோடு பழக வேண்டும். அடுக்குமாடி அறைக்குள் கணினி முன்னால் தனியாக உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பும் ஒருவர் பெருநகரத்தின் வாடகையைக் கொடுக்கிறார், அது கற்றுத்தருவதைப் பெறுவதில்லை. முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை என்றால், குடியேறுவதற்கு வேறு வலுவான காரணம் வேண்டும்.

பழக்கம் என்றதும் நெருங்கிய நட்பைத்தான் நினைக்கிறோம். வேலை விஷயத்தில் உதவுவது பெரும்பாலும் அந்த நட்பு இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பாஸ்டனுக்கு அருகே தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம் விசாரித்தார். அந்தத் தகவலைச் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்க்கிற ஆளிடமிருந்தோ, பார்த்தே வெகுநாளான ஆளிடமிருந்தோ தகவல் பெற்றிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்துப் பழக்கங்களுக்குத்தான் நமக்குத் தெரியாத இடங்கள் தெரியும். இப்படிப்பட்ட தூரத்துப் பழக்கங்கள் பெருநகரத்தில் தானாகவே சேரும்.

சரி, இதற்கெல்லாம் கொடுக்கும் விலை என்ன? லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் பல நாட்டு நகரங்களின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டார்கள். மக்கள்தொகை இரண்டு மடங்கானால், ஆளுக்குச் சராசரியாகப் பார்த்தாலே சம்பளமும் புதுக் கண்டுபிடிப்புகளும் சுமார் 15 சதவீதம் கூடுகின்றன என்று கண்டார்கள். குற்றமும் சில தொற்றுநோய்களும் ஏறத்தாழ அதே அளவில் கூடுகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: மனிதர் மனிதரைச் சந்திப்பது. யோசனை பரவும் வழியிலேயே காய்ச்சலும் பரவுகிறது. அதனால் நன்மையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் பெருநகரம் என்று எங்கும் கிடையாது. கெட்டதை நிர்வாகம் எவ்வளவு தூரம் அடக்கி வைத்திருக்கிறது என்பதில்தான் ஒரு நகரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

தனிமனிதரை அதிகம் வாட்டுவது இரண்டு: வாடகை, பயண நேரம். பார்க்க இரண்டு மாதிரி இருந்தாலும் இது ஒரே செலவுதான். நடுவில் இருந்தால் பணமாகக் கொடுக்கிறோம், ஓரத்துக்குப் போனால் நேரமாகக் கொடுக்கிறோம். பலர் பணத்தை மட்டும் எண்ணுகிறார்கள், ஏனென்றால் அது மாதா மாதம் கையை விட்டுப் போவது தெரிகிறது. நேரத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 600 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 75 நாள். சம்பளம் இல்லாமல் வருடத்தில் 75 நாள் உழைக்கச் சொன்னால் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். வாடகை ஒப்பந்தத்தில் அதைத்தான் போடுகிறோம்.

இத்தாலிய இயற்பியலாளர் செசரே மார்கெட்டி 1994-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் எந்தக் காலத்திலும் போய்வரச் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் செலவிட்டிருக்கிறார்கள். நடந்து போன காலத்தில் நகரங்கள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கின. டிராமும் ரயிலும் காரும் வந்தபோது நகரம்தான் விரிந்தது, செலவாகும் நேரம் குறையவில்லை. மனித உடம்பும் மனசும் தாங்கும் எல்லையாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வழிக்கு அரை மணி நேரம் என்றால் நல்ல இடம். முக்கால் மணி வரை பொறுத்துக்கொள்ளலாம், ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். அதற்கு மேல் போனால் நகரம் கையை விட்டு நழுவ ஆரம்பிக்கும். வேலை முடிந்து ஒரு கச்சேரிக்கோ வகுப்புக்கோ போகும் தெம்பு இருக்காது. அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரே என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் ஜெர்மனி மக்களின் வாழ்க்கைத் திருப்தி பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள்: தூரம் போகிறவர்களுக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டியிருக்க வேண்டும், ஆனால் ஈடுகட்டவில்லை, பயணம் நீள நீளத் திருப்தி குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஓர் அறை கூடுதலாக இருப்பது ஆறு மாதத்தில் பழகி, கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். நெரிசலில் நிற்பது என்றைக்கும் பழகாது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் சின்ன வீடு, கிட்டத்து வீடு என்பதே என் சிபாரிசு.

உடல்நலம் பற்றி நிறைய பயம் இருக்கிறது, அதில் பாதி பழைய பயம். 1662-இல் ஜான் கிரான்ட் என்பவர் லண்டன் தேவாலயப் பதிவுகளை எண்ணியபோது, ஞானஸ்நானங்களைவிட அடக்கங்கள் அதிகம் என்று கண்டார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால்தான் அந்த நகரம் காலியாகாமல் இருந்தது. 1854-இல் பிராட் தெருக் குழாயடித் தண்ணீரிலிருந்து காலரா பரவுவதை மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதன்பின் பொறியாளர் ஜோசப் பேசல்கெட் கட்டிய பாதாளச் சாக்கடை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நகரத்து நோய் தலைவிதி இல்லை, குழாயும் சாக்கடையும் சரியாக இருந்தால் ஒழியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு நகரத்தை எடைபோடும்போது அதன் வானளாவிய கட்டடங்களைவிட, குழாயைத் திறந்தால் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, பெருமழைக்கு எந்தத் தெரு மூழ்குகிறது என்பதைக் கேளுங்கள்.

இன்றைக்கு உள்ள உண்மையான ஆபத்துகள் காற்று, சத்தம், சூடு. பி.எம். 2.5 என்ற நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரம்பைப் பாதியாகக் குறைத்தது. அதைத் தொடும் பெருநகரங்கள் மிகக் குறைவு. ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் ஓரம் வைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள். பெருஞ்சாலையை ஒட்டிய வீட்டைவிட இரண்டு தெரு உள்ளே தள்ளிய வீடு காற்றுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. சூட்டைப் பொறுத்தவரை, நகரம் இரவில் ஆறுவதில்லை என்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 200 வருடங்களுக்கு முன்பே லண்டனில் வெப்பமானி வைத்து அளந்து சொல்லிவிட்டார். 1995 ஜூலையில் சிகாகோவை வாட்டிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். கதவைத் தட்டி, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்க ஆள் இல்லாததும் வெயிலோடு சேர்ந்து கொன்றது.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டுப் பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்யும் மருத்துவர் இரவு இரண்டு மணிக்கும் இருக்கும் மருத்துவமனை அரை மணி தூரத்தில் இருப்பதும் நாலு மணி தூரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. வயதானபின் அமைதி தேடி வெகுதூரம் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இனி, தனிமை. முதல் சில மாதங்கள் பலருக்கும் இப்படித்தான் போகும். வார நாட்களில் ஒன்றும் தெரியாது, வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் துணி துவைத்துக் காயப்போட்டபின் கைபேசியை எடுத்தால், இந்த ஊரில் காரணம் எதுவும் இல்லாமல் கூப்பிடக்கூடிய பெயர் ஒன்றுகூட அதில் இருக்காது. கீழே தெரு நிறைய ஆட்கள். மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார், தலையசைக்கிறார், போய்விடுகிறார். கடைக்காரரிடம் சில்லறை வாங்கும்போது பேசிய நாலு வார்த்தைதான் அன்று முழுக்கப் பேசிய பேச்சு. இது உங்கள் குறை இல்லை. பெர்லினில் வாழ்ந்த சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1903-இலேயே இதைப் பற்றி எழுதினார்: எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்துக்கும் மனசைத் திறந்தால் நகரவாசி தாங்கமாட்டார், அதனால் ஒரு ஒதுக்கத்தைக் கவசமாகப் போட்டுக்கொள்கிறார் என்றார். அதே ஒதுக்கம்தான் சுதந்திரத்தையும் தருகிறது என்று சொன்னதும் அவர்தான்.

அந்தச் சுதந்திரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; அது பலருக்கு அரவணைப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். இரவு தாமதமாக வீடு திரும்பும் பெண், குடும்பத் தொழிலை விட்டவர், மணமுறிவுக்குப் பின் புதிதாகத் தொடங்குகிறவர், தன் இயல்புக்காகக் கேலி செய்யப்பட்டவர் இவர்களுக்கெல்லாம், “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று யாரும் கேட்காத ஊர் ஒரு பெரும் ஆறுதல். அதே போல இருக்கும் இன்னும் சிலரைக் கண்டுபிடிக்கவும் முடியும். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஈடுபாடு சிற்றூரில் தனிமையாக முடிந்துவிடும், கோடிப் பேர் ஊரில் அது பத்தாயிரம் பேர்.

கண்டுபிடிக்க, நேரம் கொடுக்க வேண்டும். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தன் மாணவர்களோடு ரயில் நிலையத்தில் காத்திருப்போரைப் படம் எடுத்து, பின்னால் அதே பயணிகளிடம் காட்டிக் கேட்டார். பெரும்பாலோருக்குப் படத்தில் இருந்த சில முகங்கள் நன்றாகத் தெரிந்திருந்தன, ஒருமுறையும் பேசியதில்லை. அந்த முகங்கள் இருப்பதே ஒரு பிடிமானம் என்பது என் எண்ணம். அதை நட்பாக மாற்ற நான் சொல்லும் வழி ஒன்றே: வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்கும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். நீச்சல் வகுப்போ, பாட்டுக் குழுவோ, தன்னார்வ வேலையோ, எதுவானாலும் சரி. புதுப் புது இடங்களாகப் போய்க்கொண்டிருந்தால் நகரம் தெரியும், மனிதர்கள் தெரியமாட்டார்கள். வீட்டுக்கு அருகிலேயே அது நடந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மழை நாளிலும் போவீர்கள்.

குழந்தைகளுக்குப் பெருநகரம் நல்லதா என்றால், தெருவைப் பொறுத்தது. பத்து வயதுப் பிள்ளை தனியாக நூலகத்துக்கோ மைதானத்துக்கோ நடந்து போய் வர முடிகிற தெரு என்றால் அந்த நகரம் அவர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் வண்டியில் கொண்டுவிட வேண்டுமானால், நகரத்தில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வலியுறுத்தியது போல, கடைகளும் வாசலில் உட்காருபவர்களும் ஜன்னல் கண்களும் உள்ள தெருவே பாதுகாப்பான தெரு. மதில் சுவர் மட்டும் நீளும் தெரு, எவ்வளவு வசதியான பகுதியில் இருந்தாலும், இரவில் பயம் தருவதுதான்.

குடியேறுவது பற்றி இவ்வளவு. போய் வருவது பற்றி ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விருந்தாளியாகப் போகிறவருக்கு நகரத்தின் நல்லதில் பெரும்பகுதி சில நாட்களிலேயே கிடைத்துவிடும்: அருங்காட்சியகம், அரங்கம், கட்டடக்கலை, பல மொழி பேசும் தெருக்கள். ஆனால் வேலை, கற்றல், மனிதர்களின் பழக்கம் என்ற மூன்றும் போய் வந்தால் கிடைக்காது. உங்களை இழுப்பது முதல் பட்டியலில் உள்ளவை என்றால், தயக்கமே வேண்டாம், குடியேறாதீர்கள். வருடத்தில் இரண்டு முறை நிதானமாகப் போய் வந்தால், அங்கேயே வசித்துக்கொண்டு ஒருமுறையும் அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைக்காத பலரைவிட அதிகம் பார்த்துவிடுவீர்கள்.

போகும்போது எல்லோரும் செய்யும் பிழை, நகரம் முழுவதையும் பார்க்க நினைப்பது. டோக்கியோவும் அதைச் சுற்றியுள்ள நகரப்பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 3.7 கோடிப் பேர். அதில் ஷின்ஜுகு என்ற ஒரே ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பயணிகள் பயன்படுத்துகிறார்கள். சுமார் 200 வாயில்கள் உள்ள அந்த நிலையத்தில் சரியான வாயிலைக் கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் நாளைக்கு ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நடப்பதுதான் புத்திசாலித்தனம். தங்கும் இடத்தை விலையை மட்டும் பார்த்து ஓரத்தில் எடுக்காமல், நீங்கள் அதிகம் போகப்போகும் ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். நாலு நாள் பயணத்தில் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமானால் அது ஒரு முழுப் பகல்.

மெட்ரோ வரைபடத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். லண்டனுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான வரைபடம் உலகம் முழுக்க மற்ற வரைபடங்களுக்கு முன்மாதிரி ஆனது. கோடுகளை நேராக்கி, நிலையங்களுக்கு நடுவே சீரான இடைவெளி விட்டு அவர் வரைந்ததால் படிக்க எளிது. உண்மையான தூரம் அதில் தெரியாது. லெஸ்டர் ஸ்கொயரும் கோவென்ட் கார்டனும் அடுத்தடுத்த நிலையங்கள், நடுவில் 300 மீட்டருக்கும் குறைவு. பூமிக்கு அடியில் இறங்கி, நடைமேடைக்கு நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கியதும் லிஃப்டுக்கு வரிசையில் நின்று, அல்லது 193 படி ஏறி மேலே வருவதற்குள், தெருவோடு நடந்தவர் போய்ச் சேர்ந்து கடைகளையும் பார்த்திருப்பார். நகர மையத்தில் இரண்டு நிலைய தூரம் என்றால் நடந்துவிடுங்கள். விடுமுறை நாளையும் சரிபாருங்கள்: பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், நதிக்கு அக்கரையில் உள்ள ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் லூவ்ர் வாசலில் உள்ள கண்ணாடிப் பிரமிடு முன்னால் ஏமாந்து நிற்பவர்கள் ஒவ்வொரு செவ்வாயும் உண்டு. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதும் அப்படித்தான். நியூயார்க் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடும். டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும்.

அங்கே குடியிருப்பவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குவதை வெனிஸ் 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கியது. சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று பார்சிலோனா மேயர் 2024-இல் அறிவித்தார். குடும்பங்கள் வாழ்ந்த கட்டடத்தில் வாரா வாரம் புதுப் பயணிகளின் பெட்டி உருளும் சத்தம் வந்தால், மிச்சம் இருப்பவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். முடிந்தவரை விடுதிகளில் தங்குங்கள், கூட்டமில்லாத மாதத்தில் போங்கள், ஒரே நாளில் புகைப்படம் எடுத்துத் திரும்புவதைவிட இரண்டு இரவாவது இருங்கள்.

குடியேறுவதற்கும் போய் வருவதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெருநகரத்திலிருந்து ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எட்டும் நடுத்தர நகரம். பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நகரம் அதன் அளவைக் கடன் வாங்கிக்கொள்கிறது என்று நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1970-களில் விளக்கினார். சிறப்பு மருத்துவர், கச்சேரி, விமான நிலையம் எல்லாம் தேவைப்படும்போது கைக்கெட்டும். வாடகையும் சத்தமும் வீட்டுக்கு வராது. நாற்பதைத் தாண்டி, தொழிலில் காலூன்றி, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. தினமும் போக வேண்டும் என்றால் இது வேண்டாம். தொழில் கற்கும் வயதில் இருப்பவர்களும் வேண்டாம், அவர்கள் நடுவிலேயே இருக்கட்டும்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் வீட்டை விற்காமல், பொருட்களை ஏற்றாமல், ஒரு மாதம் மட்டும் வாடகைக்கு இருந்து பாருங்கள். சுற்றிப் பார்க்கும் மாதமாக இல்லாமல், அங்கே வாழ்ந்தால் எழும் நேரத்துக்கு எழுந்து, போகும் நேரத்துக்குக் கிளம்பிப் பாருங்கள். வீடு பார்க்கும்போது தரகர் கூட்டிப்போகும் பகல் பதினொரு மணிக்கு எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும். அதே வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு ஒருமுறையும், வேலை நாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் போங்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். இரவில் வீட்டுக்கு வெளியே சத்தம் சராசரியாக 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காவிட்டாலும் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இரண்டு மடங்கு இரைச்சலா என்பதாவது தெரிந்துவிடும். பிறகு வாசலில் இருந்து அலுவலக நாற்காலி வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லிஃப்டுக்குக் காத்திருந்தது, நெரிசலில் முதல் ரயிலை விட்டது, சாலையைக் கடக்க நின்றது எல்லாம் சேரட்டும். ஐந்து வேலை நாள் குறித்து, அதில் மிக மோசமான நாளின் நேரத்தை வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.